மாமனார் வீட்டுப் புயல்

அந்தக் கிரகத்துக்கு வானியல்காரர்கள் வைத்த பெயரில் மூன்று எழுத்தும், ஏழு எண்ணும், நடுவில் ஒரு சின்னக் கோடும் இருந்தன. அங்கே குடியிருந்தவர்கள் அதை மாமனார் என்றார்கள். காரணம் எளிது. பெருத்த உருவம், எந்நேரமும் இரைச்சல், வாயைத் திறந்தால் நாற்றம். கால் ஊன்ற ஒரு சாண் தரை தரமாட்டார். ஆனாலும் அவர் வீட்டில்தான் கிடந்தாக வேண்டும். வேறு போக்கிடம் கிடையாது. வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

தரையே இல்லாத கிரகம் அது. மேகத்துக்குக் கீழே மேகம், அதற்கும் கீழே மேகம். கைதவறி விழுந்த கரண்டி எங்கேயும் போய் ‘டங்’ என்று விழாது. போகப் போக அழுத்தமும் சூடும் ஏறி, நசுங்கி, உருகி, கரண்டி என்ற ஒன்று இருந்ததே இல்லை என்று ஆகிவிடும். அந்த வயிற்றுக்கு மேலே, மாமனாரின் சட்டைப் பொத்தான் உயரத்தில், ராட்சத பலூன்களில் தொங்கிக்கொண்டிருந்தது தொண்டி என்கிற ஊர். நானூறு பேர். பலூன்களுக்குள் சூடான ஹைட்ரஜன். அதைச் சூடாக்க ஊரின் அடியில் ஓர் உலை. உலை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அடுப்பு என்றே சொன்னார்கள். அடுப்பைக் கூட்டினால் ஊர் ஏறும், தணித்தால் இறங்கும்.

இந்த ஊருக்கு வானிலை அதிகாரி சம்மனசு. சம்மனசு என்றால் தேவதூதன். பெற்றவர்கள் ஆசைப்பட்டு வைத்த பெயர். ஐம்பத்திரண்டு வயதில் அவரிடம் தேவதூதனுக்குரியதாக மிஞ்சியிருந்தது செய்தி சொல்லும் வேலை ஒன்றுதான். அந்தச் செய்தியும் பலித்ததில்லை.

ஏழு முறை அவர் “புயல் வருகிறது” என்று மணி அடித்திருக்கிறார். ஏழு முறையும் அடுப்பு முழுவீச்சில் எரிந்தது, ஊர் ஏறியது, பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், கூரை விளக்குகள் உடைந்தன. புயல் மட்டும் வரவில்லை. எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“வாங்க தூதரே! இன்னைக்கு மாமனார் மூடு எப்படி?” என்றான் டீக்கடை பலவேசம். ஊரின் நடுக்கூடத்தில் அவன் கடை. பித்தளை பாய்லர் ஒன்று, அதைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர்.

“அமைதி.”

“அடேய், எல்லாரும் எதையாவது கெட்டியாப் பிடிச்சுக்குங்கடா! அமைதின்னுட்டாரு!”

கூட்டம் சிரித்தது. சம்மனசும் சிரித்தார். அழுவதற்கு அதிக நேரம் பிடிக்கும், டீ ஆறிவிடும். யாரோ பின்னாலிருந்து ஓர் எலும்புத் துண்டை அவர் முதுகில் எறிந்தார்கள். அது சிரிப்பில் சேர்த்தி இல்லை. போன மணியின்போது ஊர் குலுங்கியதில் அந்த ஆளின் மனைவி படியில் உருண்டு கருக்கலைந்திருந்தாள். சம்மனசு திரும்பிப் பார்க்காமல் டீயைக் குடித்து முடித்தார்.

மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆரம்ப நாட்களில் ஒருமுறை, மின்னல் இரைச்சலில் தொலைபேசியில் யாரோ எதையோ சொல்ல, அடுப்படியில் யாரோ எதையோ கேட்டு அடுப்பைக் கூட்டிவிட்டார்கள். ஒரு பலூன் வெந்து கிழிந்தது. அதில் தொங்கிய வீடுகள் ஆட்களோடு போயின. அன்றிலிருந்து ஊரில் ஒரே சட்டம்: மணிச் சத்தம் காதில் விழாமல் அடுப்பைக் கூட்டக் கூடாது, கடவுளே வந்து சொன்னாலும். வெண்கல மணி, உள்ளே இரும்பு நாக்கு. அடித்தால் ஊரின் எலும்பு வழியாக அடுப்படிவரை அதிரும். அடுப்படிக்காரர் மீரான் கடவுளுக்கும் அசையாத ஆள்தான்.

அடுப்பு பெரிதாவதற்கு முந்தைய காலத்து வழக்கம் ஒன்றும் உண்டு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு தள்ளுமூட்டை. ஆபத்து என்றால் அதைத் தரைக்கதவு வழியாகக் கீழே தள்ள வேண்டும். எடை குறைந்தால் ஊர் ஏறும். இப்போது அது சடங்காகிவிட்டது. வருஷத்துக்கு ஒருநாள் மூட்டைக்கு மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, சூடம் காட்டி, மறுபடி வாசலிலேயே விட்டுவிடுவார்கள். அடுப்பு இருக்கும்போது எவன் சொத்தைக் கீழே தள்ளுவான்?

அன்று மாலை சம்மனசு வானொலிப் பெட்டிமுன் உட்கார்ந்தார். தொண்டிக்கு வடக்கே, படகில் ஒருநாள் தூரத்தில், கொற்கை என்று இன்னோர் ஊர் மிதந்தது. ஒரே கப்பலில் வந்த சனங்கள்தான். அண்ணன் தம்பி சொத்துப் பிரித்ததுபோல் பிரிந்தார்கள். அண்ணன் தம்பிபோலவே பிறகு பேசிக்கொள்ளவில்லை. வானிலை எண்களை மட்டும் தினம் ஒருமுறை பரிமாறிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். அழுத்தம், வேகம், திசை. வணக்கம்கூடச் சொல்லக் கூடாது.

கொற்கையின் எண்களை வாசிப்பது ஒரு பெண் குரல். அன்று எண்கள் முடிந்த பிறகும் குரல் நிற்கவில்லை.

“உன் பேரு என்ன?”

சம்மனசு சுற்றுமுற்றும் பார்த்தார். “ஏம்மா, ஒப்பந்தப்படி நாம பேசக் கூடாது...”

“கொலைகாரன் பேரைத் தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்.”

“...சம்மனசு.”

“நல்ல பேரு,” என்றது குரல். “நான் தையல்நாயகி. உன்னை மாதிரி நானும் வானிலைதான். நாளைக்கு ஒரு புயல் வருதே, பார்த்தியா?”

பார்த்திருந்தார். கிழக்கே, ஒரு கண்டத்தை உள்ளே போட்டுக் கலக்கலாம் போன்ற சுழல். நேரே தொண்டியை நோக்கி வந்துகொண்டிருந்தது. ‘எட்டாவது முறையும் மூக்கறுபட வேண்டுமா’ என்ற யோசனையில்தான் பலவேசத்திடம் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

“அது உங்களுக்கு நேரா வருது,” என்றாள் தையல்நாயகி. “நீ மணி அடிப்ப. உங்க பெரிய அடுப்பு எரியும். சொத்துப் பிரிக்கும்போது பெரிசை நீங்க எடுத்துக்கிட்டு எங்களுக்குச் சட்டி காயற அளவுக்கு ஒண்ணைக் கொடுத்தீங்களே, அந்தப் பெரிய அடுப்பு. அந்தச் சூட்டுல பலூனுக்குள்ள போறது கால்வாசி. மிச்சம் எங்க போகுது?”

“வெளிய. மேல.”

“மேல எழும்புற சூட்டுல மோதினா புயல் ஒதுங்கும். தெருவுல வர்ற குடிகாரன் விளக்குக் கம்பத்துல இடிச்சுத் தடுமாறி அடுத்த வீட்டுக்குள்ள விழுவானே, அது மாதிரி. அந்த அடுத்த வீடு நாங்க. ஏழு தடவை மணி அடிச்ச. ஏழு தடவையும் எங்க மேல விழுந்துச்சு. போன தடவை படகுத்துறையே போச்சு. என் தம்பி அங்கதான் நின்னான்.”

ஏழு முறையும் தன் கணிப்பு சரி என்று கேட்டதும் சம்மனசின் மனசு ஒரு கணம் துள்ளியது. அடுத்த கணம் அந்தத் துள்ளலை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

“நாளைக்கும் அடி,” என்றாள் அவள். “எங்க அடுப்பால ஓடவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. இந்தத் தடவை மிச்சம் மீதி இருக்காது. தெரிஞ்சு அடி. அதுக்குத்தான் சொன்னேன்.”

இணைப்பு அறுந்தது.

சம்மனசு பழைய கணக்குகளை எல்லாம் போட்டுப் பார்த்தார். பொய் இல்லை. எழுந்து தலைவரம்மா வீட்டுக்குப் போனார்.

தலைவரம்மாவின் பெயர் கோமளம். பெயரில் மட்டும். அறுபது வயது, காய்ந்த முருங்கைக்குச்சி உடம்பு, குச்சியைவிடச் சுளீரென்று விழும் பேச்சு. சம்மனசு சொல்லி முடிக்கும்வரை வெற்றிலைக்குப் பதிலாக ஊரில் கிடைக்கும் ஏதோ பாசியை மென்றுகொண்டிருந்தாள்.

“அந்தக் கொற்கைக்காரி சொன்னா. நீ நம்பிட்ட.”

“கணக்கு சொல்லுதும்மா.”

“என் ஊர்ல நானூறு பேர். அதுக்கு என்ன சொல்லுது உன் கணக்கு?”

“அடுப்பு வேண்டாம்மா. எடையைக் குறைச்சு ஏறலாம். தள்ளுமூட்டை எல்லாம் போட்டா புயலோட தலைக்கு மேல போயிடலாம். கொஞ்சம் அடிபடும். ஆனா புயல் திரும்பாது. நமக்கு அடியில அதுபாட்டுக்கு மேற்கே போயிடும். கொற்கைக்கும் ஒண்ணும் ஆகாது. சனங்ககிட்ட உண்மையைச் சொல்லிட்டா...”

“கொற்கை மேல விழும்னு சொன்னா நம்ம சனங்க என்ன பண்ணுவாங்க?”

சம்மனசு யோசித்தார். “ரெண்டு மணியா அடிக்கச் சொல்லுவாங்க.”

“தெரியுதுல்ல? புயலுன்னு நீ சொன்னாலே சிரிப்பாங்க. உன் பேச்சைக் கேட்டு இந்த ஊர்ல ஒருத்தன் ஒரு ஊறுகாய்க் கரண்டியைக்கூடக் கீழ போட மாட்டான். நீ எதைச் சொன்னாலும் நேர்மாறாத்தான் எடுப்பாங்க.” பாசியைத் துப்பினாள். “நாளைக்கு நேரத்துக்கு மணியை அடி. போ.”

சம்மனசு வாசலில் தயங்கி நின்றார்.

“மணிமேடையை நான் பார்த்துக்கறேன்,” என்றாள் கோமளம், இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைத் தடவியபடி. “நீ உன் வாயைப் பார்த்துக்க.”

வழியெல்லாம் சம்மனசு அந்த ஒரு வாக்கியத்தையே மென்றார். நேர்மாறாத்தான் எடுப்பாங்க. மனுஷன் வாழ்க்கையில் ஒரு நற்பெயர் சம்பாதிக்க எத்தனை பாடுபடுகிறான்! தான் சம்பாதித்து வைத்திருக்கும் கெட்ட பெயர் அதற்குக் குறைந்ததா? ஏழு முறை உழைத்துச் சேர்த்தது. செலவழிக்க நாள் வந்திருக்கிறது.

மறுநாள் காலை ஊர் ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. வழக்கமான இருமல்கூட இல்லாமல், கல்யாண வீட்டு மைக்செட்காரனைப்போல.

“தொண்டிப் பெருமக்களுக்கு வானிலை நிலையத்தின் வணக்கம். இன்னைக்கு மாமனார் மாதிரி நல்லவர் உலகத்துலயே கிடையாது. காத்து கிடையாது, சுழல் கிடையாது. புயலுங்கிற பேச்சுக்கே இடமில்லை. துணி காயப்போடலாம். பிள்ளைங்களை வெளிமேடையில விளையாட விடலாம். உத்தரவாதம் நான். சம்மனசு.”



“உத்தரவாதமா!” என்று பலவேசம் கத்தியது வானிலை நிலையம்வரை கேட்டது. “போச்சுடா! இந்தாளு எதுக்குமே உத்தரவாதம் கொடுத்ததில்லையேடா!”

பிறகு நடந்ததைப் பார்க்கச் சம்மனசு ஓடினார். பாட்டன் காலத்துத் தரைக்கதவுகள் கிறீச்சிட்டுத் திறந்தன. அமோனியா நாற்றம் குபுக்கென்று ஊருக்குள் ஏறியது. பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சந்து மாதிரி என்று அதைச் சொல்வார்கள். பஸ் ஸ்டாண்டைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் அங்கே இல்லை, உவமை மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது. மஞ்சள் தடவிய மூட்டைகள் வரிசையாகக் கீழே போயின. ஒரு வீட்டில், மிஷின் மாவில் இட்லி பூக்காது என்று மாமியாரின் பாட்டி பிடிவாதம் பிடித்து நட்சத்திரம் தாண்டிக் கொண்டுவந்து, மாமியார் பொத்திக் காத்த ஆட்டுக்கல்லை மருமகள் உருட்டிக்கொண்டு வந்தாள். முகத்தில் பயம் இருந்தது. ஆனால் பயம் மட்டும்தான் இருந்தது என்று சத்தியம் பண்ண முடியாது.

சிலர் அடுப்படிக்கு ஓடினார்கள்.

“மீரான் பாய், அடுப்பைக் கூட்டுங்க!”

“மணி அடிச்சுதா?”

“இல்ல, ஆனா சம்மனசு அமைதின்னு...”

“மணி அடிச்சுதா?”

“அடிக்கல.”

“அப்ப போய்ப் புள்ளைகுட்டிகளைப் பாருங்க,” என்று மீரான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஊர் ஏறியது. ஆனால் சம்மனசு எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. பல மூட்டைகளில் பழந்துணிதான் இருந்திருக்கிறது. மஞ்சளும் பொட்டும் வைத்தது பழந்துணிக்கு.

அப்போது கிழக்கே சுவர் எழுந்தது. மேகம் என்று அதைச் சொல்ல முடியாது. துருப்பிடித்த நிறத்தில், மேலிருந்து கீழ்வரை, அந்தம் தெரியாத சுவர். உள்ளே மின்னல் நரம்புகள். அதன் ஓசை காதில் கேட்பதற்கு முன்னால் பல்லில் கேட்டது. இத்தனை வருஷத்தில் தொண்டிக்காரர்கள் புயலை நேரில் பார்ப்பது இதுவே முதல் முறை. மாமனார் முதல்முறையாகத் திரும்பி உட்கார்ந்து மருமகனைப் பார்த்தார்.

“மணி! மணியை அடிங்கடா!”

கூட்டம் மணிமேடைக்குப் பாய்ந்தது. சம்மனசு முந்திக்கொண்டு போய்க் கயிற்றுக்குக் குறுக்கே நின்றார். ஐம்பத்திரண்டு வயது, தொந்தி, மூச்சிரைப்பு. அரண் என்று பார்த்தால் ரொம்ப சுமார்தான்.

“வேண்டாம்! இன்னும் எடையைப் போடுங்க, போதும்! மணி அடிச்சா கொற்கைல...”

சொல்லி முடிக்கவில்லை. எலும்பை எறிந்த அதே ஆள் அவர் முகத்தில் குத்தினான். விழுந்தவரை மிதித்துக்கொண்டு பத்துக் கைகள் கயிற்றைப் பிடித்து இழுத்தன.

சத்தம் வரவில்லை.

மறுபடி இழுத்தார்கள். வெண்கலக் குடம் தலைகீழாக ஆடியது, அவ்வளவுதான். யாரோ ஏறிப் பார்த்தார்கள். “நாக்கைக் காணோம்! நாக்கைக் கழட்டிட்டான்டா இந்தப் பாவி!”

வாயில் ரத்தத்தோடு படுத்திருந்த சம்மனசு, தான் எப்போது கழற்றினோம் என்று ஒரு கணம் உண்மையாகவே யோசித்தார். பிறகு கத்தினார்: “அடிக்கறதை அப்புறம் அடிங்க! நாளைக்கு நான் எங்கேயும் போயிட மாட்டேன்! இப்ப தூக்கிப் போடுங்க!”

போட்டார்கள். கட்டில், கதவு, குளியல் தொட்டி, சர்ச்சின் பலிபீடம், பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகள். சம்மனசு வானிலை நிலையத்துக்குத் தள்ளாடிப் போய், ஊரிலேயே கனமான கருவியான தன் ரேடார் பெட்டியைக் கழற்றி, காலால் உதைத்துக் கதவு வழியே அனுப்பினார். அந்த ஊரின் கண் அது. போகும்போது ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டே போனது.

நடுக்கூடத்தில் பலவேசம் தன் பித்தளை பாய்லரைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தான்.

“பலவேசம், ஆள் வரட்டும்! தனியா இழுக்காத!”

“வர்ற வரைக்கும் உங்க மாமனார் நிப்பாரா?” என்றான். “தூதரே, அடுத்த தடவையாவது உண்மையைச் சொல்லுங்கய்யா, பொய்யில டீக்கடையே போகுது!” சிரித்துக்கொண்டேதான் தள்ளினான். பாய்லர் சரிந்தது. அதன் சங்கிலி அவன் கணுக்காலைச் சுற்றியிருந்ததை அவனும் பார்க்கவில்லை, சம்மனசும் பார்க்கவில்லை.

சம்மனசு தரைக்கதவு விளிம்பில் குப்புற விழுந்து கையை நீட்டினார். கீழே மேகம் மட்டும் இருந்தது.

ஊர் இன்னும் கொஞ்சம் ஏறியது.

புயல் அவர்களின் காலடியில் போனது. கூரைகள் பிய்ந்தன, மேற்குப் பலூன் ஒன்று கிழிந்து தொங்கியது. ஆனால் போனது. நேராக, எங்கும் திரும்பாமல், மேற்கே.

மறுநாள் ஊர்க்கூட்டத்தில் சம்மனசைக் கீழே தள்ளலாமா என்று பேசினார்கள். வேண்டாம் என்று முடிவானது. இரக்கத்தால் இல்லை. “எப்பவும் சரியா சொல்றவன் கிடைக்கிறதும் ஒண்ணு, எப்பவும் தப்பா சொல்றவன் கிடைக்கிறதும் ஒண்ணு” என்று மீரான் சொன்னதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பலவேசத்துக்கு ஊர் அழுதது. அவனைக் கொன்றது யார் என்று ஊருக்குத் தெரியவில்லை. சம்மனசுக்குத் தெரியும். கொற்கையில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எண்ணிப் பார்த்தார். அந்த எண்ணிக்கையை எப்படிக் கூட்டிக் கழித்தாலும் டீக்கடை காலியாகத்தான் இருந்தது.

மாலை வானொலியில் தையல்நாயகி எண்களை வாசித்தாள். பிறகு காத்திருந்தாள்.

“உன் எண் எங்க?”

“ரேடார் பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டேன்மா. இனிமே எனக்குக் கண்ணு கிடையாது.”

மறுமுனையில் பென்சிலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“மணி அடிக்கலையா?”

“அடிக்கலை.”

“அப்ப எழுதிக்க,” என்றாள். அதே வெடுக்குக் குரல். “உங்க பக்கத்துக்கும் சேர்த்து நானே பார்த்துச் சொல்றேன். வேகமா வாசிப்பேன். இன்னொரு தடவை சொல்ல மாட்டேன்.”

எழுதி முடித்து வெளியே வந்தபோது மணிமேடையில் கோமளம் நின்றுகொண்டிருந்தாள். கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சம்மனசு வீங்கிய முகத்தோடு பக்கத்தில் போய் நின்றார். நிமிர்ந்து மணியைப் பார்த்தார். பிறகு அவள் இடுப்புச் சாவிக்கொத்தைப் பார்த்தார்.

“என்ன பார்க்கிற? எடையைக் குறைக்கணும்னு சொன்னியே. கைக்குக் கனமா அகப்பட்டது அந்த நாக்குதான்.”

“அம்மா... என்னை அடிச்சப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“உனக்கு அடி பழக்கம். எனக்குத் தேர்தல் வருது.” கயிற்றை அவர் கையில் திணித்தாள். “பலவேசம் கடையில கூரை தொங்குதாம். இதை வச்சுக் கட்டு. நாளைக்கு என்னன்னு ஊருக்குச் சொல்லப் போற?”

“நாளைக்கு அமைதியாம். நான் சொன்னா மிச்சத்தையும் தூக்கிப் போட்டுருவாங்க. கொற்கைக்காரி சொன்னதாச் சொல்லப் போறேன்.”

“சொல்லு. எதிரி சொன்னா நம்புவாங்க.”

படியிறங்கப் போனவள் நின்றாள். வடக்கே பார்த்தாள். அங்கே ஒன்றும் தெரியாது, மஞ்சள் மேகம் மட்டும்தான்.

“என் அக்கா அங்கதான் இருக்கா,” என்றாள். “பிரிஞ்சு போன அன்னைக்குப் படகுல ஏறி நின்னுக்கிட்டு என்னை ஒரு வார்த்தை கேட்டா. ஊரே பார்க்க. எனக்கு அப்ப பதில் வரலை. அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் யோசிச்சு, நல்லா நறுக்குன்னு ஒரு பதில் வச்சிருக்கேன். நேர்ல பார்த்து முகத்துல வீசணும்.”

சம்மனசு கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“அதுக்கு அவ உசிரோட இருக்கணும்ல?” என்று எரிந்து விழுந்துவிட்டு, கோமளம் கீழே இறங்கிப் போனாள்.